அலையைக் கணக்கிட்டுக் காணுதல்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் விழுப்புரம் கூட்டத்தில், சங்கத்தின் அறிவியல் மாலை வகுப்பு சார்பில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களுக்கு அரைமணி நேரம் அளித்து, மாலை வகுப்பில் இவ்வாண்டு செய்த பணியைக் கூறுமாறு பணித்தார்கள். எத்தனை பேர் தேர்வெழுதினர், எத்தனை பேர் தேறினர் என்னும் கணக்கு ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. அதை மீண்டும் படித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. ஒரு சமன்பாட்டைப் பற்றியும், அதனைக் கணிப்பொறியில் தீர்த்துப் படமாக்க முயன்றபோது நாங்கள் இழைத்த பிழையைப் பற்றியும் பேசலாம் என்று கருதினோம். நேற்றுக் கண்காட்சியைப் பார்வையிட்டவர்கள், அறிவியல் பலகைகளின் வரிசையில் ஒரு பலகை படமில்லாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது வெறுமையான கதையும் இதில் அடங்கும்.

இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்த நம் பிள்ளைகள் யாவரும் சுரோடிங்கர் சமன்பாடு என்னும் பெயரை அறிவார்கள். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் எர்வின் சுரோடிங்கர் சூரிச் நகரில் பணியாற்றியபோது 1926இல் அதனை வெளியிட்டார். அணுவுக்குள் எலெக்ட்ரான் எவ்வாறு இயங்குகிறது என்பதை அலையின் மொழியில் கூறும் சமன்பாடு அது. நம் பிள்ளைகள் அதனைப் பத்து மதிப்பெண் வினாவாக அறிந்திருக்கிறார்கள். வருவித்தலை வரி பிறழாமல் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை, நாங்களும் அப்படித்தான் தேறி வந்தோம். சென்ற ஆண்டு திண்டிவனம் வகுப்பில் ஒரு மாணவர், "அய்யா, இதை எங்கே போட்டுப் பார்ப்பது?" என்று கேட்டார். விதையை வாங்கியவன் கழனியைத் தேடுவதுபோல் கேட்ட கேள்வி அது. எங்கள் வேலை அங்கேதான் தொடங்கிற்று.

முதலில் அச்சமன்பாடு கூறும் செய்தியை நம் ஊர்ப் பொருளைக் கொண்டே பார்ப்போம். விழுப்புரம் சந்திப்பிலிருந்து திருச்சிக்கு இரண்டு இருப்புப் பாதைகள் பிரிகின்றன. ஒன்று விருத்தாசலம் வழியாகச் செல்லும் குறுக்குப் பாதை. மற்றொன்று கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை என்று சுற்றிச் செல்லும் பழைய முதன்மைப் பாதை. ஒரு வண்டி இரண்டில் ஒன்றில்தான் போக முடியும். குவாண்டம் இயக்கவியலின் அலையோ இரண்டு பாதைகளிலும் ஒருங்கே போகும். திருச்சியில் இரண்டு பகுதிகளும் சந்திக்கும்போது, ஒவ்வொன்றும் ஒரு கடிகார முள்ளைக் கையில் ஏந்தி வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரு முட்களும் ஒரே திசையைக் காட்டினால் அலை வலுக்கும். எதிரெதிர்த் திசையைக் காட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முள், அதற்கு ஒரு நீளம், ஒரு திசை. முட்கள் யாவும் நேரத்தோடு எவ்வாறு திரும்புகின்றன, நீள்கின்றன, குறுகுகின்றன என்பதையே சமன்பாடு கூறுகிறது.

முள்ளின் நீளத்தைத் தன்னாலேயே பெருக்கினால், அந்த இடத்தில் துகள் அகப்படுவதற்குரிய வாய்ப்பு கிடைக்கும். அதே 1926ஆம் ஆண்டில் மாக்ஸ் போர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் தந்த விளக்கம் இது. துகள் எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டுமாதலால், எல்லா இடங்களின் வாய்ப்பையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; எங்களைத் தடுக்கி விழச்செய்தது இதுதான்.

பாடநூலில் தாளும் எழுதுகோலும் கொண்டு முழுமையாகத் தீர்க்கப்படும் கணக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பெட்டிக்குள் அடைபட்ட துகள், சுருள்வில்லில் கட்டிய துகள், ஹைட்ரஜன் அணு என்று ஒரு சில. ஹைட்ரஜனுக்கு அடுத்த ஹீலியத்தில் இரண்டு எலெக்ட்ரான்கள்; அங்கேயே அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு எண்களைக் கொண்டு படிப்படியாக நெருங்கிச் செல்வது ஒன்றே வழி. இங்கிலாந்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்பவர் 1920களின் இறுதியிலேயே இவ்வேலையில் இறங்கினார். மின்னணுக் கணிப்பொறி பிறக்காத காலம். ஓய்வு பெற்ற அவருடைய தந்தை வில்லியம் ஹார்ட்ரீயும் உடனமர்ந்து, மேசைமேல் வைக்கும் கணக்குப் பொறியின் துணையோடு அணு அணுவாகக் கணக்கிட்டு உதவினார். தந்தையும் மகனும் சேர்ந்து களையெடுப்பதுபோல் அவர்கள் எண்களைக் களைந்திருக்கிறார்கள் என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

அந்த வழியின் முதற்படியை இப்போதே, கணிப்பொறி இல்லாமலே, உங்களுக்குச் செய்துகாட்ட முடியும். ஓர் அலகு நீளமுள்ள பெட்டி. இரு முனைகளிலும் சுவர். சுவரில் அலை சுழி. அலகுகளை எளிமையாக்கிக்கொண்டால், அலையின் வளைவை அலையின் அளவால் வகுத்துக் குறி மாற்றினால் ஆற்றல் கிடைக்கும். வளைவை எப்படிக் காண்பது? ஒரு புள்ளியின் இடப்பக்க அளவையும் வலப்பக்க அளவையும் கூட்டுங்கள்; நடு அளவின் இரு மடங்கைக் கழியுங்கள்; இடைவெளியின் வர்க்கத்தால் வகுங்கள். அவ்வளவே.

பெட்டியை இரண்டாகப் பகுத்தால் நடுவில் ஒரே புள்ளி. அதன் அளவு 1 என்க. இருபுறமும் சுவராதலால் சுழி. கூட்டிக் கழித்தால் கழித்தல் 2. இடைவெளி அரை, அதன் வர்க்கம் கால். வகுத்தால் கழித்தல் 8. ஆகவே ஆற்றல் 8. மூன்றாகப் பகுத்தால் உள்ளே இரண்டு புள்ளிகள், இரண்டிற்கும் அளவு 1. ஒருபுறம் சுழி, மறுபுறம் 1, கழிக்கவேண்டியது 2; கிடைப்பது கழித்தல் 1. அதனை ஒன்பதில் ஒரு பங்கால் வகுத்தால் ஆற்றல் 9. உண்மையான விடை பையின் வர்க்கம், அதாவது 9.8696. நான்காகப் பகுத்தால் 9.37 வரும், பத்தாகப் பகுத்தால் 9.79; நூறாகப் பகுத்தால் 9.869. பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தல் அறிந்த கை, அணுவியலின் வாயிற்படியில் ஏறிவிட்டது. இதைக் கரும்பலகையில் செய்துகாட்டிய அன்று, கேள்வி கேட்ட அந்த மாணவர் வீட்டுக்குப் போகாமல் ஐந்தாகவும் ஆறாகவும் பகுத்துக்கொண்டிருந்தார். நூறு பகுப்புக்குக் கை வலிக்கும், பொறி வேண்டும். அந்த அளவில்தான் கணிப்பொறி நமக்கு வேலையாள்.

இது நின்ற அலை. ஓடும் அலையைக் காணவேண்டுமானால் நேரத்தையும் சிறு சிறு படிகளாக வெட்டவேண்டும். இந்நேரத்து அலையைக் கொண்டு அடுத்த நொடித்துளியின் அலையைக் கணிப்பது, அதைக் கொண்டு அதற்கடுத்ததைக் கணிப்பது. ஒவ்வொன்றையும் படமாக வரைந்து வரிசையாக ஓட்டினால் திரைப்படம். 1967இல் அமெரிக்காவில் கோல்டுபெர்க், ஷே, ஷுவார்ட்ஸ் என்னும் மூவர் இத்தகைய படங்களைக் கணிப்பொறியில் உருவாக்கி, அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் இதழில் வெளியிட்டார்கள். ஓர் அலைப் பொதி ஆற்றல் தடுப்பொன்றை நோக்கி ஓடுகிறது; மோதுகிறது; ஒரு பங்கு திரும்பி வருகிறது, ஒரு பங்கு தடுப்பைக் கடந்து அப்பால் போகிறது. தடுப்பைத் தாண்டப் போதிய ஆற்றல் இல்லாதபோதும் சிறு பங்கு கடந்துவிடும். அன்று பெரிய ஆய்வுக்கூடத்தின் பொறிக்கு மட்டுமே இயன்ற அந்த வேலையை, இன்று நம் வீட்டுப் பிள்ளை கையிலுள்ள கருவி செய்கிறது.

இப்படத்தை முதன்முதல் காட்டியபோது இளைஞர் ஒருவர் எழுந்து, "சுவரைக் கடக்கும் வழி நமக்கும் இருக்கிறது என்று இது சொல்கிறதா?" என்று கேட்டார். கைதட்டலும் எழுந்தது. அவருடைய உணர்வை நாங்கள் அறிவோம். ஆயினும் அப்படிப் பொருள் கொள்ளவேண்டாம் என்றே அவரைக் கேட்டுக்கொண்டோம். மனிதன் எழுப்பிய சுவரை இடிக்க மனிதன்தான் வேண்டும். எலெக்ட்ரான் அதற்குச் சாட்சி சொல்லாது. அறிவியலை உவமைக்காக மட்டும் எடுத்துக்கொண்டால், கணக்கை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து வெறும் உவமையோடு நாம் வீடு திரும்புவோம்.

அந்தக் கணக்கு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அதற்கு வங்காளத்திலிருந்து வரவேண்டும். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஒரே வகுப்பில் இருவர் பயின்றனர்: சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா. சாகா 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்லூரி விடுதியில் சாதியின் பேரால் மற்றவர்களுடன் அமர்ந்து உண்ணவிடாமல் ஒதுக்கப்பட்டவர். 1920இல் விண்மீன்களின் வெப்பத்தையும் ஒளியையும் இணைக்கும் சமன்பாட்டைத் தந்தவரும் அவரே. அவ்விருவரும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் அதனை நூலாக்கிற்று. 1924இல் போஸ் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்த கருத்தின்படி, சிலவகை அணுக்களை மிக மிகக் குளிர்வித்தால் அவை யாவும் ஒரே அலையாக ஒன்றிவிடும். 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு அதனை நேரில் கண்டார்கள். அத்தகைய கூட்டலைக்குரிய சமன்பாட்டை 1961இலேயே கிராஸ், பிட்டாயெவ்ஸ்கி இருவரும் தனித்தனியே அமைத்திருந்தனர். சுரோடிங்கர் சமன்பாட்டோடு, அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் குறிக்கும் ஓர் உறுப்பு கூடியது அது.

அந்தச் சமன்பாட்டைத் தாளில் தீர்ப்பது அரிது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முருகானந்தம் அவர்களும், பிரேசில் நாட்டுச் சாவோ பாலோவில் பணியாற்றிய அதிகாரி என்னும் அறிஞரும் இணைந்து, அதனைத் தீர்ப்பதற்குப் போர்ட்ரான் மொழியில் 12 நிரல்களை எழுதி, 2009இல் கணிப்பொறி இயற்பியலுக்கான பன்னாட்டு இதழொன்றில் வெளியிட்டார்கள். 2012இல் வேறு நாட்டு அறிஞர்களும் சேர்ந்து அவற்றைச் சி மொழியில் புதுக்கினர். நிரல்களை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். நம் சந்திப்பில் வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச்சேரும் ஊரிலிருந்து அந்தக் கணக்கு உலகுக்குச் சென்றிருக்கிறது.

அந்நிரல்கள் இருவகை. ஒருவகை, உண்மையான நேரத்தில் அலையை ஓடவிடுவது. மற்றொருவகை, நேரத்தைக் கற்பனை எண்ணாக மாற்றி ஓடவிடுவது. கற்பனை நேரத்தில் அலையின் உயர் ஆற்றல் பகுதிகள் விரைந்து தேய்ந்துபோகும். இறுதியில் மிகத் தாழ்ந்த ஆற்றலுடைய அமைதியான அலை மட்டும் எஞ்சும். பதர் பறந்து நெல் நிற்பதுபோல. அப்போது கூட்டுத்தொகையும் குறைந்துகொண்டே போகுமாதலால், படிதோறும் கூட்டுத்தொகையால் வகுத்து மீண்டும் ஒன்றாக்குவார்கள். அங்கே அது முறையான செயல். பங்குகள் மாறவேண்டும் என்பதே அங்கு நோக்கம்.

எங்கள் பிழை இவ்விடத்தில் நேர்ந்தது. கண்காட்சிக்காகத் தடுப்பில் மோதும் அலையை நாங்களே பைத்தான் மொழியில் எழுதினோம். இந்நேரத்து வளைவைக் கொண்டு அடுத்த நேரத்து அலையைக் காணும் மிக எளிய முறையைக் கையாண்டோம். நிரல் ஓடிற்று, அலை தடுப்பைத் தொட்டுப் பிரிந்தது. கூட்டுத்தொகையைப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் நூற்றில் மூன்று பங்கு மிகுந்திருந்தது. மூன்று பங்குதானே என்று எண்ணினோம். திருச்சி நிரல்களில் வகுத்து ஒன்றாக்கக் கண்டோமே என்று, அதனை இடம் அறியாமல் கொண்டுவந்து இங்கே நட்டோம். கூட்டுத்தொகை சரியாயிற்று. படமும் கண்ணைப் பறித்தது. முள்ளின் திசைக்கு ஏற்ப நிறமூட்டி, பெரிதாக அச்சிட்டுப் பலகையில் ஒட்டினோம். விழாவுக்கு இரண்டு நாள் முன்னரே வந்து பார்த்த பெரியவர்கள் பாராட்டினார்கள். நாங்கள் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கவில்லை.

திண்டிவனம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருவர் அந்த நிரலைத் தம் மடிக்கணினியில் ஏற்றிச் சென்றிருந்தார். அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அண்ணன் பெற்ற பொறி. மின்கலம் செயலிழந்து, மின்கம்பி செருகினால் மட்டும் ஓடுவது. பெற்றோர் இருவரும் கல்குவாரியில் உழைப்பவர்கள். நாங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல், பத்து மடங்கு நேரம் ஓடும்படி அவர் நிரலை விட்டிருக்கிறார். வழுவழுப்பாக இருந்த அலையில் அரத்தின் பற்கள்போல் கூர்மைகள் முளைத்து, படம் முழுவதையும் தின்றுவிட்டன. மறுநாள் மாலை அப்படத்தைக் கொணர்ந்து காட்டினார். பொறி பழையது, அதனால் இருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் பேசாமல், எங்கள் பொறியிலேயே ஓட்டிக் காட்டினார். அதிலும் அதே பற்கள்.

பிறகு அவர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறோம்: "அய்யா, மேஸ்திரி நோட்டில் மொத்தக் கூலி சரியாக இருக்கும். ஆள்வாரியாகப் பார்த்தால்தான் ஒருவர் கூலி இன்னொருவர் பேரில் ஏறியிருக்கும். நாம் மொத்தத்தை மட்டும் சரிக்கட்டி இருக்கிறோம்."

இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஆயினும் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். அந்த எளிய முறையில் ஒவ்வொரு படியும் அலையைச் சிறிது நீட்டிவிடுகிறது. ஆற்றல் மிகுந்த பகுதியை மிகுதியாக நீட்டுகிறது, குறைந்த பகுதியைக் குறைவாக நீட்டுகிறது. படியை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்நோய் முற்றும் தீராது. வகுத்தால் மொத்தம் ஒன்றாகும். பங்குகள் பழைய நிலைக்குத் திரும்பா. எங்கள் படத்தில் ஆற்றல் மிகுந்த பகுதி தனக்குரியதைவிடப் பெருத்திருந்ததால், தடுப்பைக் கடந்த பங்கும் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டப்பட்டது. அழகாயிருந்த அந்த அச்சுப்படம் பொய் சொல்லிற்று. அதன் பொய்யை மூடியது எங்கள் வகுத்தல்.

சரியான வழி 1947இலேயே கிடைத்துவிட்டது. ஜான் கிராங்க், பிலிஸ் நிக்கல்சன் என்னும் இருவர் வெப்பம் பரவும் கணக்குக்காக அதனை வகுத்தனர். நிக்கல்சன் ஒரு பெண்மணி என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த நேரத்து அலையைக் காண இந்நேரத்து வளைவை மட்டும் எடுக்காமல், பாதியை இந்நேரத்திலிருந்தும் பாதியை அடுத்த நேரத்திலிருந்தும் எடுக்கவேண்டும். அடுத்த நேரத்து அளவு இன்னும் தெரியாதே என்பீர்கள். ஆகவே எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துச் சமன்பாடுகளின் தொகுதி ஒன்றைத் தீர்க்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் தன்னோடும் இருபுறத்து அண்டை வீட்டாரோடும் மட்டுமே தொடர்பாதலால், அது பெருஞ்சுமையாவதில்லை. கிணறு வெட்டும்போது ஆட்கள் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றி மேலேற்றி, வெறுங்கூடையைக் கைமாற்றிக் கீழிறக்குவார்களே, அதுபோல் வரிசையின் தலையிலிருந்து கடைவரை ஒருமுறை, கடையிலிருந்து தலைவரை ஒருமுறை சென்று வந்தால் விடை கிடைத்துவிடும். இம்முறையில் ஒவ்வொரு பகுதியின் முள்ளும் திரும்புமே தவிர, நீளாது, குறுகாது. எவரும் வகுத்துச் சரிக்கட்டாமலே கூட்டுத்தொகை ஒன்றாக நிற்கும். திருச்சி நிரல்களும் இம்முறையின் ஒரு வகையையே கையாள்கின்றன.

கூட்டுத்தொகை ஒன்றாக நின்றாலே கணக்குச் சரி என்றும் எண்ணிவிடலாகாது. அதனையும் பட்டுத்தான் அறிந்தோம். படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டினால் அதே விடை வருகிறதா, ஆற்றல் மாறாமல் இருக்கிறதா, விடை தெரிந்த பெட்டிக் கணக்கைக் கொடுத்தால் 9.8696ஐ நெருங்குகிறதா என்று இப்போது ஒவ்வொரு நிரலையும் வகுப்பில் சோதிக்கிறோம். சோதனையை நிரல் எழுதியவர் செய்வதில்லை, வேறொருவர் செய்கிறார்.

விழாவுக்கு முந்திய நாள் இரவு பலகையை என்ன செய்வது என்று எங்களுக்குள் வாக்குவாதம் நிகழ்ந்தது. பார்ப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கும் பிழை தெரியாது, படம் இருக்கட்டும், பிறகு மாற்றலாம் என்றார் ஒருவர். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் வேலையைப் பார்க்க வெளியாரும் வருவார்கள், வெறும் பலகையைக் கண்டு இவர்களால் இயலவில்லை என்று நகைப்பார்களே என்று அஞ்சினார். அந்த அச்சம் நம் அனைவருக்கும் பழக்கமானது. ஓர் இடத்தில் நாம் தவறினால் அது ஒருவரின் தவறாக எண்ணப்படுவதில்லை, அனைவர்மேலும் ஏற்றப்படுகிறது. நெடுநேரம் கழித்து, அந்த மாணவியையே கேட்போம் என்று முடிவு செய்தோம். "எடுத்துவிடுங்கள் அய்யா, ஏன் எடுத்தோம் என்று எழுதி வையுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம். நேற்று அந்த வெற்றுப் பலகையின் கீழ் நீங்கள் கண்ட ஐந்து வரிகள் அவர் எழுதியவை. மற்றப் பலகைகளைவிட அதன் முன் நின்றவர்களே மிகுதி என்று தொண்டர்கள் கூறுகிறார்கள். வெறும் பலகையை வேடிக்கை பார்த்தவர்களையும் சேர்த்துத்தான்.

இப்பணிக்கு வேண்டிய கருவிகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு பழைய மடிக்கணினி போதும். பைத்தான் மொழியும், எண்களைக் கையாளவும் படம் வரையவும் அதற்குரிய துணைத் தொகுப்புகளும் விலையின்றிக் கிடைக்கின்றன. எங்கள் நிரல் ஒரு பக்கத்திற்குள் அடங்கிவிட்டது. கைக்கு எட்டாதிருப்பது பொறியன்று. கேட்ட கேள்விக்கு அமர்ந்து விடை தேடும் மாலை நேரம். குவாரியிலும் கரும்புக் கொல்லையிலும் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்நேரம் எங்கிருந்து வரும்? திண்டிவனம் வகுப்பறையை இரவு எட்டு மணிக்குப் பூட்டாமல் பத்து மணிவரை திறந்து வைக்கவும், பெண் பிள்ளைகள் வீடு திரும்பத் துணைக்கு ஆள் ஏற்பாடு செய்யவும் செயற்குழு இசையவேண்டும் என்று இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம்.

திருத்திய படம் இன்று காலை ஒட்டப்பட்டிருக்கிறது. பழையதைவிட நிறம் மங்கல். இரவோடிரவாக அச்சிட்டதால் ஓரமும் சற்றுக் கோணல். தடுப்பைக் கடந்த பங்கு முன்னதைவிடச் சிறியது. அந்த மாணவி இப்போது நேர்கோட்டை விட்டுப் பரப்புக்கு வந்திருக்கிறார். நீளத்தில் 200, அகலத்தில் 200 என்று 40,000 புள்ளிகளில் அலையை ஓடவிடுகிறார். அவருடைய பொறியில் அது மிக மெதுவாகவே நகர்கிறது, மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் நூறு படிக்கு ஒருமுறை விடையைக் கோப்பில் சேமித்துவைக்கும் வரிகளை நிரலில் சேர்த்திருக்கிறார். நேற்றிரவு விழாப் பந்தலில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, அப்பொறி ஒலிபெருக்கிக்காரரின் மின்செருகியில் இணைக்கப்பட்டு மேடையின் பின்னே ஓடிக்கொண்டிருந்தது.